ஹிட்ச் வாங்கப் போகிறீர்களா? முதலில் டிரைவர் கதவைத் திறங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த தம்பி ஒருவர் கையில் போனோடு வாசலில் வந்து நின்றார். டாலஸ் பக்கம் வந்து நான்கு வருடம் ஆகிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிக் பெண்ட், கிராண்ட் கேன்யன் என்று சுற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காக, தங்கிக்கொள்ளும் வசதியுள்ள ஒரு ஃபிஃப்த் வீல் டிரெய்லருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். போனில், டிரெய்லரை டிரக்கோடு பிணைக்கும் ஹிட்ச் விற்கும் பக்கம் திறந்திருந்தது.

"அண்ணா, 20 கே ஹிட்ச் போதுமா, இல்ல 24 கே வாங்கிடட்டுமா?" கே என்றால் ஆயிரம் பவுண்டு.

"அதை அப்புறம் பார்க்கலாம் தம்பி. உங்க டிரக் கதவைத் திறங்க."

ஹிட்ச் பற்றிக் கேட்டால் கதவைத் திறக்கச் சொல்கிறாரே என்று அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் ஃபிஃப்த் வீல் ஹிட்ச் தேர்வு செய்யும் வேலை அங்கேதான் தொடங்குகிறது. ஹிட்சின் மேல் எழுதியிருக்கும் எண் கடைசியில் பார்க்க வேண்டியது. டிரக் எவ்வளவு பாரம் தாங்கும், அச்சுக்கும் கேபினுக்கும் நடுவே எத்தனை அங்குலம் இருக்கிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், எந்த ஹிட்ச் என்பது பாதிக்கு மேல் தானாகவே முடிவாகிவிடும்.

முதல் முறையாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண டிராவல் டிரெய்லர் வண்டியின் பம்பருக்குக் கீழே உள்ள பந்தில் மாட்டும். ஃபிஃப்த் வீல் அப்படியல்ல. அதன் மூக்கு பிக்அப் டிரக்கின் பெட்டுக்கு, அதாவது பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டிக்கு, மேலே நீண்டு வரும். அந்த மூக்கின் அடியில் 2 அங்குலக் கனத்தில் ஓர் எஃகுக் குமிழ் தொங்கும், அதுதான் கிங்பின். பெட்டின் நடுவே நாம் பொருத்தும் ஹிட்சின் தாடை அந்தக் கிங்பின்னைக் கவ்விப் பிடிக்கும். பெரிய லாரிகளில் நடப்பதும் இதேதான். குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சு திரும்புவதற்காக அதன் மேல் படுக்கை வசத்தில் ஒரு வளையம் வைத்தார்கள். நான்கு சக்கரத்துக்கு மேல் அது ஐந்தாவது. அந்தப் பெயர்தான் இன்றுவரை ஒட்டிக்கொண்டு வருகிறது.

பாரம் பின் அச்சுக்கு நேர் மேலே இறங்குவதால் காற்றடித்தாலும் பெரிய லாரி பக்கத்தில் கடந்தாலும் டிரெய்லர் அதிகம் வால் ஆட்டாது. ஃபிஃப்த் வீலை விரும்பி வாங்குகிறவர்கள் சொல்லும் முதல் காரணம் இதுதான். அதே காரணத்தால்தான் பாரக் கணக்கும் கடுமையாகிறது. பம்பரில் மாட்டும் டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை வண்டி மேல் வைக்கும். ஃபிஃப்த் வீல் 15 முதல் 25 சதவீதம் வரை வைக்கும். கிங்பின் வழியே இறங்கும் இந்த எடைக்குப் பெயர் பின் வெயிட்.

முதல் படி: கதவுச் சீட்டு

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். அதுதான் உங்கள் டிரக்கின் பேலோட். விளம்பரத்தில் வருவது அந்த மாடலில் மிக லேசான வண்டிக்கான எண். ஸ்டிக்கரில் இருப்பது உங்கள் வாசலில் நிற்கும் வண்டிக்கான எண். சன்ரூஃப், தோல் சீட், நான்கு சக்கர இயக்கம், டீசல் எஞ்சின் என்று ஒவ்வொன்றும் அந்த எண்ணைக் குறைத்துக்கொண்டே போகும்.

தம்பியுடையது முக்கால் டன் டீசல் டிரக். ஹாஃப் டன், முக்கால் டன், ஒரு டன் என்பவை டிரக்கின் வகைப் பெயர்கள்தான், தாங்கும் எடை அல்ல. ஸ்டிக்கரில் 2,250 பவுண்டு. அவர் அட்வான்ஸ் கொடுத்த டிரெய்லர் சாமான் ஏற்றிய பின் அதிகபட்சம் 12,500 பவுண்டு வரலாம். அதில் 20 சதவீதம் 2,500. டிரக்கில் இன்னும் ஒருவர்கூட ஏறவில்லை, அதற்குள்ளேயே கணக்கு தாண்டிவிட்டது. அதன் மேல் நால்வர் குடும்பம் 550, ஹிட்ச் 160, பெட்டில் கிடக்கும் கருவிப்பெட்டியும் கூலரும் 100. மொத்தம் 3,310. அளவைவிட 1,060 பவுண்டு அதிகம்.

"ஆனா இந்த டிரக் 15,000 பவுண்டு இழுக்கும்னு டீலர் சொன்னாரே அண்ணா?"

சொன்னது பொய்யில்லை. இழுக்கும். இழுப்பது எஞ்சினின் வேலை. தாங்குவது ஸ்பிரிங், அச்சு, டயர் இவற்றின் வேலை. ஃபிஃப்த் வீலில் முதலில் தீர்ந்துபோவது தாங்கும் சக்திதான். விற்பனையாளர்கள் இந்த இரண்டாவது எண்ணைச் சொல்லாமல் விடுவது எனக்கு ஆறாத வருத்தம். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கப் போகிற குடும்பத்துக்கு அது முதலில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

இங்கே இரண்டு தப்பு எல்லாரும் செய்கிறோம். ஒன்று, டிரெய்லரின் கையேட்டில் போட்டிருக்கும் ஹிட்ச் வெயிட்டை அப்படியே எடுத்துக்கொள்வது. அது தொழிற்சாலையை விட்டுக் காலியாக வெளிவந்தபோது இருந்த எடை. பேட்டரி, கேஸ் சிலிண்டர், முன் அறையில் அடுக்கும் சாமான் எல்லாம் கிங்பின் பக்கம்தான் சேரும். தண்ணீர் ஒரு கேலன் 8.3 பவுண்டு, 50 கேலன் தொட்டி நிறைந்தால் அதுவே 415 பவுண்டு. அதனால் டிரெய்லரின் உச்ச எடையை எடுத்து, அதில் 20 அல்லது 22 சதவீதம் என்று போட்டுப் பாருங்கள். இன்னொன்று, டிரக்கின் பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர் பேக் என்ற காற்றுப் பை போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. ஏர் பேக் தொங்கும் பின்பக்கத்தை நிமிர்த்தும். ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அது ஒரு பவுண்டுகூட உயர்த்தாது.

ஹாஃப் டன் டிரக் வைத்திருப்பவர்கள் ஃபிஃப்த் வீல் ஆசையை இந்த இடத்திலேயே ஒருமுறை மறுபரிசீலனை செய்வது நல்லது. மிகச் சிறிய சில டிரெய்லர்கள் பொருந்தலாம். பெரும்பாலானவை பொருந்தாது.

இரண்டாம் படி: டேப்பை எடுங்கள்

பெட் மூன்று நீளங்களில் வருகிறது: சுமார் ஐந்தரை அடி, ஆறரை அடி, எட்டு அடி. எட்டடிப் பெட் இருந்தால் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம். நகராத சாதாரண ஹிட்ச் போதும். விலையும் குறைவு, எடையும் குறைவு, பழுதாகவும் அதிகம் ஒன்றுமில்லை.

ஆறரை அடி அல்லது அதற்குக் குறைவு என்றால் நிதானமாக அளக்க வேண்டும். ஹிட்சின் மையம் பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது ஓரிரு அங்குலம் முன்னால் இருக்க வேண்டும். அச்சுக்குப் பின்னால் போனால் முன் சக்கரத்தின் பாரம் குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிடும். எனவே அந்த இடத்திலிருந்து கேபினின் பின்சுவர் வரை டேப்பை இழுத்துப் பாருங்கள். என் டிரக்கில் 43 அங்குலம் வந்தது. டிரெய்லரின் அகலம் 96 அல்லது 102 அங்குலம் இருக்கும். பாதி 48 அல்லது 51. கேம்ப் கிரவுண்டில் பின்னோக்கி வளைத்து நுழைக்கும்போது டிரக்கும் டிரெய்லரும் எல் வடிவில் மடங்கும். அப்போது டிரெய்லரின் முன்மூலை கேபினை நோக்கிச் சுழன்று வரும். 43 அங்குல இடத்துக்குள் 51 அங்குலம் வந்தால் பின்கண்ணாடி நொறுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. பாதி அகலத்தோடு நான்கு அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது அனுபவசாலிகளின் கணக்கு. இப்போது வரும் டிரெய்லர்கள் பலவற்றில் முன்மூலையை உள்வாங்கி வளைத்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் சலுகை கிடைக்கும். எவ்வளவு என்பதை உங்கள் டிரெய்லரின் மூக்கை நீங்களே அளந்துதான் சொல்ல முடியும்.

இடம் போதாதபோதுதான் ஸ்லைடர் ஹிட்ச். கையால் நகர்த்தும் ஸ்லைடரில் சாலையில் ஓடும்போது ஹிட்ச் அச்சுக்கு மேல் பூட்டியிருக்கும். கூர்மையாக வளைக்க வேண்டிய இடம் வந்ததும் வண்டியை நேராக நிறுத்தி, இறங்கி, லீவரை இழுத்துப் பூட்டைத் திறக்க வேண்டும். பிறகு டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு டிரக்கை மெதுவாக முன்னால் நகர்த்தினால் ஹிட்ச் பின்னால் சறுக்கிப் போய்ப் பூட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அதேபோல் டிரக்கைப் பின்னால் நகர்த்தினால் பழைய இடத்துக்கு வந்துவிடும். திரும்பப் பூட்டாமல் நெடுஞ்சாலைக்கு ஏறக் கூடாது.

இறங்கி ஏற விருப்பமில்லாதவர்களுக்கு புல்ரைட் நிறுவனத்தின் சூப்பர்கிளைட் போன்ற தானியங்கி ஸ்லைடர்கள் உண்டு. டிரக் வளையும்போது ஹிட்ச் தானாகவே பின்னால் போய் வரும். கிங்பின்னில் ஒரு தகடு கூடுதலாகப் பொருத்த வேண்டும், விலை அதிகம். இரண்டு வகையும் கனமானவை, பல மாடல்கள் 200 பவுண்டைத் தாண்டும். அந்த எடையும் உங்கள் பேலோடிலிருந்துதான் கழியும் என்பதை மறக்க வேண்டாம். ஹிட்சை விட்டுவிட்டு, டிரெய்லரில் கிங்பின்னைத் தாங்கி நிற்கும் பின்பாக்ஸையே மாற்றுவது இன்னொரு வழி. ரீஸ் நிறுவனத்தின் சைட்வைண்டர் அப்படிப்பட்டது. திரும்பும் புள்ளியையே டிரெய்லர் பக்கம் தள்ளி வைத்துவிடும்.

என்னைக் கேட்டால், ஐந்தரை அடிப் பெட்டில் பெரிய டிரெய்லரை மாட்டுவதற்காக விலை உயர்ந்த ஸ்லைடர் தேடுவதைவிட, டிரக் மாற்றும் நாள் வரும்வரை காத்திருப்பதே மேல்.

மூன்றாம் படி: பெட்டோடு பிணைப்பது எப்படி

இதில் நான்கு வழி உண்டு. பழைய வழி, பெட்டுக்குக் குறுக்கே இரண்டு எஃகுத் தண்டவாளம் வைத்து, பெட்டைத் துளைத்து, அடியில் ஃபிரேமோடு போல்ட் போடுவது. பெரும்பாலான நிறுவனங்களின் ஹிட்சும் அந்தத் தண்டவாளத்தில் உள்ள துளைகளில் உட்காரும். மலிவு, உறுதி. ஆனால் ஹிட்சைக் கழற்றிய பிறகும் தண்டவாளம் கிடக்கும். மண்ணோ சரளையோ ஏற்றி மண்வெட்டியால் வாரும்போது ஒவ்வொரு முறையும் இடிக்கும்.

உங்கள் டிரக் அண்மைக் கால முக்கால் டன் அல்லது ஒரு டன் வண்டி என்றால், பெட் தரையைப் பாருங்கள். நான்கு மூலையில் வட்ட மூடிகளும் நடுவில் ஒரு பந்துக் குழியும் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதுதான் தொழிற்சாலையிலேயே போட்டுக் கொடுக்கும் பக் அமைப்பு. ஹிட்சின் நான்கு காலையும் அந்தக் குழிகளில் வைத்துத் திருகினால் முடிந்தது. துளை போடும் வேலை இல்லை, கழற்றினால் பெட் வெறுமையாகிவிடும். ஆனால் ஃபோர்டு, ஜிஎம், ராம் மூன்றின் குழி அமைப்பும் ஒன்றல்ல. உங்கள் வண்டியின் ஆண்டையும் மாடலையும் சொல்லித்தான் ஹிட்ச் கேட்க வேண்டும்.

மூன்றாவது, பெட்டுக்கு அடியில் கூஸ்நெக் அமைப்பு, அதாவது பெட் தரையின் நடுவே ஒரு பந்தை நிறுத்தி அதில் டிரெய்லரை மாட்டும் அமைப்பு, வைத்திருப்பவர்களுக்கானது. பி அண்ட் டபிள்யூ நிறுவனத்தின் கம்பேனியன் அவர்களுடைய கூஸ்நெக் குழியின் ஒரே துளையிலேயே நின்றுவிடும். ஆண்டர்சன் நிறுவனத்தின் அலுமினிய ஹிட்ச் 40 பவுண்டு அளவில்தான் இருக்கும். ஒருவரே தூக்கி வைக்கலாம். அதில் தாடை கிடையாது. கிங்பின்னில் ஒரு கிண்ணத்தைப் பொருத்தி அதைப் பந்தின் மேல் இறக்க வேண்டும். முதுகு வலி உள்ளவர்களுக்கு அது பெரிய வரம்.

நான்காவதைப் பற்றி எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன். கிங்பின்னிலிருந்து நீளமாக ஒரு குழாயைத் தொங்கவிட்டு, பெட் தரையில் உள்ள கூஸ்நெக் பந்தில் மாட்டும் அடாப்டர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. நெம்புகோல் நீண்டால் விசை பெருகும். பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் டிரெய்லரின் ஃபிரேமை அந்த நீளம் முறுக்கும். ஃபிரேம் தயாரித்தவர் இந்த அடாப்டரை ஏற்கிறார் என்று எழுத்தில் பார்க்காமல் வாங்காதீர்கள். ஏற்காவிட்டால் வாரண்டியும் போகும், வெல்டிங்கும் பிளக்கும்.

தண்டவாளம் போட ஆள் வைக்கிறவர்களுக்கு ஒரு சொல். 2017 முதல் வந்த ஃபோர்டு சூப்பர் டியூட்டிகளின் பெட் அலுமினியம். போல்ட்டை இறுக்கும்போது பெட்டின் மடிப்புகள் நசுங்காமல் இருக்க இடையில் வைக்கும் துண்டுகள் பெட்டியோடு வரும். அவசரத்தில் அதை விட்டுவிட்டு இறுக்கிய வேலையை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்று கேளுங்கள், தப்பில்லை.

நான்காம் படி: இப்போது ஹிட்சின் எண்

16 கே, 20 கே, 25 கே என்பவை ஹிட்ச் இழுக்கக்கூடிய ஆயிரம் பவுண்டுகள். டிரெய்லரின் உச்ச எடைக்கு மேல் இருந்தால் போதும். 12,500 பவுண்டு டிரெய்லருக்கு 16 கே தாராளம். அடுத்த டிரெய்லர் பெரிதாகும் என்று நினைத்தால் 20 கே. இதோடு செங்குத்துப் பாரத்துக்கும் ஓர் எண் இருக்கும், பொதுவாக இழுவை எண்ணில் நான்கில் ஒரு பங்கு. உங்கள் பின் வெயிட் அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஹிட்சில், வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇயின் ஜே2638 தரத்துக்குச் சோதித்தது என்ற குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். 25 கே ஹிட்ச் வாங்கினால் டிரக்கின் தாங்கும் சக்தி கூடிவிடாது. டிரக், பக் குழி, ஹிட்ச், பின்பாக்ஸ் எல்லாவற்றிலும் எது சிறியதோ அதுதான் உங்கள் எல்லை.

எண்ணைவிட நான் அதிகம் கவனிப்பது தாடையையும் தலையையும். ஒற்றைத் தாடை, குறுக்குக் கம்பி, இரட்டைத் தாடை என்று வகைகள் உண்டு. கிங்பின்னை இரு பக்கமும் கட்டிப்பிடிக்கும் இரட்டைத் தாடையில் ஆட்டம் குறைவு. ஆட்டம் இருந்தால் ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் கிளம்பும்போதும் முதுகில் யாரோ தட்டுவது போல் இருக்கும். 500 மைல் ஓட்டினால் களைத்துவிடுவீர்கள். தலை முன்னும் பின்னும் மட்டும் சாயுமா, பக்கவாட்டிலும் சாயுமா என்றும் கேளுங்கள். மேடு பள்ளமான கேம்ப் கிரவுண்டில் மாட்டிக் கழற்றும்போது பக்கவாட்டுச் சாய்வு பெரிய உதவி.

உயரமும் இங்கேதான் முடிவாகும். டிரெய்லர் மட்டமாக, அல்லது மூக்கு ஒரு பொட்டு தாழ்ந்து நிற்க வேண்டும். அதே நேரம் மூக்கின் அடிப்பகுதிக்கும் பெட்டின் பக்கச் சுவருக்கும் இடையே ஆறு அங்குலமாவது இடைவெளி வேண்டும். ஹிட்சின் கால்களில் மேலும் கீழும் துளைகள் இருப்பது இதற்காகத்தான். இன்றைய டிரக்குகள் உயரமானவை, இரண்டும் சேர்ந்து அமையச் சிரமப்படும். அமையாதபோது இடைவெளியை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பழைய ஹிட்ச் வாங்குவதில் தவறில்லை. தாடையின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டு விரலால் தடவிப் பாருங்கள். படி போல் தேய்ந்திருந்தாலோ, யாராவது வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தாலோ வந்த வழியே திரும்புங்கள்.

மாட்டும்போது

என் டிரக் பெட்டின் இரண்டு பக்கச் சுவரிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் கேம்ப் கிரவுண்டை விட்டுக் கிளம்பும் அவசரத்தில் வந்தது. டிரெய்லர் மூக்கை அளவுக்கு மேல் உயர்த்தி வைத்திருந்தேன். பின்னால் வந்தபோது டக்கென்று சத்தம் கேட்டது, லீவரும் மூடியது. மாட்டிவிட்டது என்று நினைத்து, டிரெய்லரை முன்னால் தாங்கும் கால்களைத் தூக்கி, டிரக்கை நகர்த்தினேன். தாடை கிங்பின்னின் கழுத்தைப் பிடிக்கவில்லை, கீழ்நுனியைத்தான் பிடித்திருந்தது. மூன்றடி போவதற்குள் அத்தனை எடையும் பெட் சுவர் மேல் விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. மகள் அப்போது டிரக்கின் பின்பக்கம் நின்று எனக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள் என்பதை நினைத்தால் இன்றும் வயிறு பிசைகிறது.

அதற்குப் பிறகு இந்த வரிசையை ஒருநாளும் மாற்றியதில்லை. டிரெய்லர் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. டிரக்கின் டெயில்கேட்டை இறக்குவது. பின்பாக்ஸின் தகடு ஹிட்சின் தகட்டைவிட அரை அங்குலம் தாழ்ந்து நிற்குமாறு வைப்பது. அப்போதுதான் பின்னால் வரும்போது ஹிட்ச் டிரெய்லரைச் சற்றே தூக்கிக்கொண்டு உள்ளே போகும், இரண்டு தகடும் ஒட்டி உட்காரும். சத்தம் கேட்டதும் இறங்கி டார்ச் அடித்துப் பார்ப்பது. தகடுகளுக்கு இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. தாடை கழுத்தைச் சுற்றி மூடியிருக்க வேண்டும். லீவருக்குப் பூட்டு. ஏழு முனை மின்கம்பி. டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானாகப் பிடிக்கவைக்கும் பிரேக்அவே கேபிளை டிரக்கில் மாட்டுவது. ஹிட்சில் மாட்டினால் ஹிட்சோடு பிய்த்துக்கொண்டு போகும்போது அது வேலை செய்யாது. டெயில்கேட்டை மூடுவது. பிறகு, டிரெய்லரின் கால்கள் இன்னும் தரையில் இருக்கும்போதே, டிரெய்லர் பிரேக்கைக் கையால் பிடித்துக்கொண்டு டிரக்கை முன்னால் மெல்ல இழுத்துப் பார்ப்பது. அசையாமல் நின்றால் மட்டும் கால்களைத் தூக்குவது, முட்டுக்கட்டையை எடுப்பது.

டிரெய்லர் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலர் டிரக்கிலேயே இருக்கிறதா, ஏழு முனை சாக்கெட் பெட்டுக்குள் இருக்கிறதா என்பதை ஹிட்ச் வாங்கும் நாளிலேயே பார்த்துவிடுங்கள். பம்பரில் இருக்கும் சாக்கெட்டுக்கு டிரெய்லரின் கம்பி பல சமயம் எட்டாது. கிங்பின்னுக்கு கிரீஸ் தடவுவதைவிட பிளாஸ்டிக் வட்டத்தகடு ஒன்றை மாட்டுவது சுத்தம். முதல் பயணம் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள்.

உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்ஸாஸில் டிரக், டிரெய்லர் இரண்டின் உச்ச எடையும் சேர்ந்து 26,001 பவுண்டை எட்டி, டிரெய்லர் மட்டும் 10,000 பவுண்டைத் தாண்டினால் கிளாஸ் ஏ உரிமம் வேண்டும். கலிஃபோர்னியாவில் 15,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஃபிஃப்த் வீலுக்கு வணிகமல்லாத கிளாஸ் ஏ. கனடாவின் ஒன்டாரியோவில் 4,600 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லரை ஜி உரிமத்தில் இழுக்க முடியாது.

தம்பி அட்வான்ஸை விட மனமில்லாமல் டிரக்கை மாற்றினார். எட்டடிப் பெட், ஒரு டன், உச்ச எடை 12,000, ஸ்டிக்கரில் 4,050 பவுண்டு. பக் குழியில் உட்காரும் 20 கே, நகராத ஹிட்ச். முதல் பயணத்துக்கு முன் நெடுஞ்சாலையோர டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேல் என்ற எடைமேடைக்கு நானும் கூடப் போனேன். குடும்பத்தோடு டிரக்கை மட்டும் நிறுத்தினோம்: முன் அச்சு 4,960, பின் அச்சு 3,800. டிரெய்லரை மாட்டிக்கொண்டு மறுபடி ஏறினோம்: முன் 4,920, பின் 6,140, டிரெய்லர் அச்சு 9,060. டிரக்கின் இரு அச்சிலும் சேர்ந்து கூடியது 2,300. அதுதான் உண்மையான பின் வெயிட், டிரெய்லர் எடையில் 20 சதவீதத்துக்குச் சற்று மேல். டிரக்கின் எல்லைக்கு இன்னும் 940 பவுண்டு பாக்கி. அவர் மனைவி அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்ப இட்லி கிரைண்டரை எடுத்துக்கலாமா அண்ணா?" என்று கேட்டார். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். டிரெய்லரின் பின்பக்க அலமாரியில், கீழ்த்தட்டில்.